ஏழு அங்குலமா, ஒன்பது அங்குலமா?

படகு மோட்டாரின் விசிறியைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தால், நடுக்குமிழிலோ இதழின் அடியிலோ இரண்டு எண்கள் பொறித்திருக்கும். 9¼ × 9 என்பது போல. முதல் எண் விட்டம்: விசிறி சுழலும்போது இதழ் நுனிகள் போடும் வட்டத்தின் அகலம். இரண்டாவது எண் பிட்ச்: தண்ணீர் துளியும் நழுவாமல் பிடி கொடுத்தால், ஒரு முழுச் சுற்றுக்கு விசிறி எவ்வளவு தூரம் முன்னேறும் என்ற கணக்கு. இரண்டுமே அங்குலத்தில் இருக்கும்.

1980-களின் நடுவில் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் அவுட்போர்டு மோட்டார் பரவத் தொடங்கியபோது, இந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்கியவர்கள் அரிது. பெட்டியில் என்ன விசிறி வந்ததோ அதை மாட்டிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். துறை துறையாகப் போய் அந்த எண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். கரையில் அவரைப் ‘புதுப்பட்டிக்காரர்’ என்பார்கள். ஊர் வ. புதுப்பட்டி. வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், கண்மாயும் நெல்வயலும் தென்னந்தோப்புமாக இருக்கிற ஊர். சிறுவயதில் அவர் பார்த்த பெரிய நீர்ப்பரப்பு பிளவக்கல் அணை. பார்த்த படகு பரிசல்.

ஆனாலும் விசிறியைப் பற்றி அவர் பின்னாளில் கரையில் சொன்னதற்கெல்லாம் வேர் அந்த ஊர்க் கிணற்றடியில்தான் இருந்தது. கரண்டு எட்டாத தோட்டங்களில் அப்போது ஆயில் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைப்பார்கள். இன்ஜினுக்கும் பம்புக்கும் நடுவே பெல்ட் ஓடும். பம்பின் புல்லியைச் சின்னதாகப் போட்டால் பம்பு வேகமாகச் சுற்றும், தண்ணீரும் அதிகம் வரும். ஆசைப்பட்டு இன்னும் சின்னதாகப் போட்டால் இன்ஜின் கரும்புகை கக்கி, சத்தம் கனத்து, சுற்று இறங்கிவிடும். புல்லியைப் பெரிதாக்கினால் இன்ஜின் சுகமாக ஓடும். வாய்க்காலில் தண்ணீர் காணாது. எந்தத் தோட்டத்துக் கிணறு எவ்வளவு ஆழம், எந்த மாதத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்று பார்த்துப் புல்லியை மாற்றுகிறவரே அங்கே கெட்டிக்கார மெக்கானிக். அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் எடுபிடியாக இருந்து, இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே பாரம் சரியா என்று சொல்லப் பழகினார் அவர். பிறகு ராஜபாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் சில வருஷம். பஞ்சாலைகள் நிறைந்த ஊர் என்பதால் பட்டறைக்கு வேலை ஓயாது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவு அங்கே அவருக்குக் கைவந்தது.

குமரிக் கரையில் உள்ள முட்டத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தது உறவுக்காரர் ஒருவர் வழியாக. அந்தக் கரை அப்போது மாறிக்கொண்டிருந்தது. முட்டத்தில் இயங்கிய படகு கட்டும் மையத்தில் பிளைவுட்டால் வள்ளங்கள் செய்யத் தொடங்கியிருந்தார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லெ அந்த முயற்சிக்கு முன்னோடியாக நின்றவர். சிறு படகுத் தொழில்நுட்பத்தைத் தென்னிந்தியக் கரைக்குக் கொண்டுவந்ததில் பட்ட பாட்டையும் கிடைத்த பலனையும் 1985-ல் தனி நூலாகவே எழுதினார். 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சிஃப்ஸ், கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் மோட்டார் பழுதுபார்ப்புக்கும் உதிரி பாகங்களுக்கும் வழி செய்துகொண்டிருந்தது. யமஹாவும் சுசுகியும் கரையின் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டன. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டிய டூ ஸ்ட்ரோக் மோட்டார்கள் அவை.

அவருக்கு வந்த வேலைகளில் ஒரு வகைப் புகார் திரும்பத் திரும்ப வந்தது. “தம்பி, போகும்போது பறக்குது. வரும்போது மூச்சு வாங்குது. மெஷினைத் தெறந்து பாரு” என்பார்கள். திறந்து பார்த்தால் பிஸ்டன் தலையில் கரி அப்பியிருக்கும், ஸ்பார்க் பிளக் கறுத்து நனைந்திருக்கும். சுத்தம் செய்து மாட்டினால் சில நாள் ஓடும். மறுபடி அதே புகார். பக்கத்தில் இருக்கிறவர்கள் மண்ணெண்ணெயைக் குறை சொல்வார்கள், ஆயில் கலப்பைக் குறை சொல்வார்கள், கார்புரேட்டரை நோண்டுவார்கள். புதுப்பட்டிக்காரர் கரையில் நின்று, வலையும் மீனும் ஏற்றித் திரும்பும் வள்ளத்தின் சத்தத்தைக் கேட்டார். முழு ரேஸ் கொடுத்தும் சுற்று ஏறாமல் அமுங்கி அமுங்கி வந்தது. ஆழம் கூடிய கிணற்றில் சின்ன புல்லி போட்ட இன்ஜினின் சத்தம் அது.

“அண்ணாச்சி, மெஷின் நல்லாத்தான் இருக்கு. விசிறிதான் இந்தப் பாரத்துக்குக் கனம்” என்று அவர் சொன்னபோது யாரும் நம்பத் தயாராக இல்லை. ஒன்பது அங்குலப் பிட்ச்சைக் கழற்றி ஏழு அங்குலம் போடச் சொன்னால் யார்தான் ஒப்புவார்கள்? பெரிய பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம், அதனால் அதிக வேகம் என்பது காதுக்கு நியாயமாகத்தான் படுகிறது. வெறும் வள்ளத்துக்கு அது உண்மையும்கூட.

காகிதத்தில் எழுதிப் பார்த்தால் விவரம் தெரியும். மோட்டார் நிமிஷத்துக்கு 5,000 சுற்று ஓடுகிறது, கீழே கியர் அதைப் பாதியாகக் குறைத்து விசிறிக்கு 2,500 சுற்று தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிட்ச் 9 அங்குலம் என்றால் நழுவல் இல்லாத கணக்கில் மணிக்கு 34 கிலோமீட்டர். ஆனால் பாரம் ஏற்றிய வள்ளம் அந்த மோட்டாரை வைத்துக்கொண்டு 7 நாட், அதாவது 13 கிலோமீட்டர் போனாலே பெரிது. மீதி முழுக்க நழுவல். இலேசான, நீர்மேல் எழும்பி ஓடுகிற விரைவுப் படகுகளில் நழுவல் நூற்றுக்குப் பத்து, இருபது என்று நிற்கும். பாரப் படகில் அது பாதியைத் தாண்டும். இந்த நிலையில் பிட்ச்சைக் கூட்டினால் படகின் வேகம் கூடாது. விசிறி ஒவ்வொரு சுற்றிலும் விழுங்கப் பார்க்கும் தண்ணீர் அதிகமாகி, மோட்டார் திணறி, சுற்று இறங்கும். 5,000 சுற்றில் முழுச் சக்தி தரக்கூடிய மோட்டார் 4,000 சுற்றில் மாட்டிக்கொண்டால் அதன் குதிரைத்திறனில் ஒரு பங்கு வெளியே வருவதே இல்லை. எண்ணெய் மட்டும் சரியாக எரியாமல் கரியாகப் படியும்.

இதற்கு மருந்து ஊகத்தில் இல்லை, அளவில் இருக்கிறது என்பதுதான் அவர் பிடித்த பிடி. ஒவ்வொரு மோட்டாருக்கும் முழு ரேஸில் எத்தனை சுற்று ஓட வேண்டும் என்ற வரம்பை உற்பத்தியாளரே கையேட்டில் போட்டிருப்பார். சிறிய டூ ஸ்ட்ரோக் மோட்டார்கள் பலவற்றுக்கு அது 4,500-லிருந்து 5,500 வரை. ஸ்பார்க் பிளக் ஒயரில் மாட்டிச் சுற்றை அளக்கும் மீட்டர் ஒன்றை அவர் தேடிப் பிடித்து வாங்கினார். வள்ளத்தில் வழக்கமான ஆட்கள், வலை, ஐஸ், எண்ணெய் கேன் எல்லாம் ஏற்றச் சொல்லி, மீனின் எடைக்கு ஈடாக மணல் மூட்டை வைத்து, அலை கடந்து போய், முழு ரேஸ் கொடுத்து மீட்டரைப் பார்ப்பார். வரம்புக்குக் கீழே நின்றால் பிட்ச் அதிகம். வரம்பைத் தாண்டி அலறினால் பிட்ச் குறைவு. ஓர் அங்குலம் மாற்றினால் சுமார் 150-லிருந்து 200 சுற்று வரை மாறும் என்பது மோட்டார்த் தொழிலில் எல்லோரும் ஏற்ற கணக்கு. ஒன்பது அங்குலத்தில் 4,300 காட்டுகிற வள்ளத்துக்கு ஏழு போட்டால் 4,600, 4,700 வரும். வரம்புக்குள் வந்துவிட்டது.

பாரத்தோடு அளக்க வேண்டும் என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். காலையில் வெறும் வள்ளத்தை ஓட்டி அளந்தால் ஒன்பது அங்குலமே சரி என்று மீட்டர் காட்டும். அந்த வள்ளம் திரும்பி வரும்போதுதான் வேலை இருக்கிறது: எதிரே நீவாடு என்கிற நீரோட்டம், ஏலத்துக்கு நேரம், உள்ளே பாடு, அதாவது பிடித்த மீன்.

மறுபக்கமும் உண்டு. ஏழு போட்டு நன்றாக ஓடுகிறதென்று ஆறு போட்டால், மீனில்லாமல் திரும்புகிற நாளில் மோட்டார் வரம்பு தாண்டிச் சுற்றும். அந்தக் காலத்துச் சின்ன மோட்டார்கள் பலவற்றில் சுற்றைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு கிடையாது. பேரிங்கும் பிஸ்டன் வளையமும் தேயும். அதனால் பாரத்தோடு வரம்பின் நடுப்பகுதியில் நிற்கிற பிட்ச்சையே அவர் தேர்ந்தெடுத்தார். வெறும் வள்ளத்தில் ரேஸைக் கொஞ்சம் குறைத்துப் பிடிக்கச் சொன்னார்.

விசிறியை மாற்றும் முன் இன்னொன்றைப் பார்ப்பார். மோட்டார் மாட்டியிருக்கும் உயரம். விசிறிக்கு மேலே கிடைமட்டமாக ஒரு தகடு இருக்கும். அது வள்ளத்தின் அடிமட்டத்துக்கு ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். பின்பலகை உயரமாக இருந்து, குட்டைத் தண்டு மோட்டாரை மாட்டினால் விசிறி மேலேயிருந்து காற்றை உறிஞ்சும். சுற்று திடீரென்று எகிறும், தள்ளல் இருக்காது. சின்ன மோட்டார்கள் பெரும்பாலும் 15 அங்குலப் பலகைக்கு ஒன்று, 20 அங்குலப் பலகைக்கு ஒன்று என்று இரண்டு தண்டு நீளங்களில் வருகின்றன. பலகையும் தண்டும் பொருந்தாத வள்ளத்தில் எந்தப் பிட்ச் போட்டாலும் மீட்டர் பொய்தான் சொல்லும்.

ராஜபாளையத்துப் பட்டறை அனுபவம் அவருக்குக் கைகொடுத்தது கரை ஏறும்போது அடிபட்ட விசிறிகளில். துறைமுகம் இல்லாத துறைகளில் வள்ளம் அலையோடு வந்து மணலில் ஏறும். கடைசி நொடியில் மோட்டாரைத் தூக்கத் தவறினால் விசிறி மணலைக் கடையும், கல்லில் இடிக்கும். அலுமினிய இதழ் மடங்கும், நுனி தேயும். சுத்தியலால் தட்டி நிமிர்த்தி மறுபடி மாட்டிக்கொள்வது கரையின் வழக்கம். அப்படித் தட்டும்போது மூன்று இதழுக்கும் மூன்று பிட்ச் வந்துவிடுகிறது என்பதை அவர் அளந்து காட்டினார். சமமான இரும்புத் தகட்டின் மேல் குமிழை நிமிர்த்தி வைத்து, மையத்திலிருந்து ஒரே தூரத்தில் ஒரு வட்டம் கீறி, அந்த வட்டத்தில் 30 பாகை இடைவெளியில் இரண்டு புள்ளிகள் குறித்து, தகட்டிலிருந்து இரண்டின் உயரத்தையும் அளப்பார். உயர வித்தியாசத்தை 12-ஆல் பெருக்கினால் அந்த இதழின் பிட்ச். வித்தியாசம் முக்கால் அங்குலம் என்றால் பிட்ச் ஒன்பது. ஒரு வட்டத்துக்கு 360 பாகை, முப்பது அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, கணக்கு அவ்வளவுதான். ஓர் இதழ் ஒன்பது, அடுத்தது எட்டரை, இன்னொன்று பத்து என்று வந்தால் அதிர்வு தண்டு வழியாக ஏறி சீலைக் கிழிக்கும், கியர் பெட்டிக்குள் உப்புத் தண்ணீர் போகும். கியர் பெட்டி மாற்றுகிற செலவைத் தட்டி நிமிர்த்திய விசிறிதான் கொண்டுவந்தது என்று அந்த அளவுகோலைக் காட்டிச் சொன்னபோது பலர் ஏற்றுக்கொண்டார்கள்.

விசிறியின் வரலாறே இப்படிப் பார்த்துப் பார்த்துத் திருத்திய கதைதான். இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற விவசாயி 1836-ல் திருகு வடிவ விசிறிக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு முழுச் சுற்றுக் கொண்ட நீண்ட மரத்திருகு அது. 1837-ல் கால்வாயில் ஓட்டிப் பார்க்கும்போது திருகின் பாதி உடைந்து போனது. மீதமிருந்த ஒற்றைச் சுற்றோடு படகு முன்பைவிட வேகமாக ஓடியது. நீளத் திருகு தண்ணீரைப் பிடித்து இழுத்துச் சக்தியை வீணாக்கிக்கொண்டிருந்தது உடைந்த பிறகே தெரிந்தது. 1909-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் அவுட்போர்டு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். யமஹா 1960-லும் சுசுகி 1965-லும் இந்தத் தொழிலில் இறங்கின. அந்தப் பெட்டிகள்தான் சில பத்தாண்டுகள் கழித்து முட்டத்து மணலில் வந்து இறங்கின. ஏரியில் உல்லாசமாகப் போகிற இலேசான படகுக்கும் வலை சுமக்கிற வள்ளத்துக்கும் ஒரே மோட்டார் பொருந்தலாம். ஒரே விசிறி பொருந்தாது.

விசிறி விஷயத்தில் புதுப்பட்டிக்காரர் இவ்வளவு அக்கறை காட்டியதற்குக் காரணம் கரையின் பங்கு முறை. ஏலத்தில் விற்ற பணத்திலிருந்து எண்ணெய், ஐஸ் போன்ற செலவை முதலில் கழிப்பார்கள். மிஞ்சியதைத்தான் வள்ளத்துக்கு, மோட்டாருக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு வைப்பார்கள். மோட்டார் தின்கிற ஒவ்வொரு லிட்டரும் முதலாளியின் பையிலிருந்து மட்டும் போவதில்லை. வலை இழுத்த ஒவ்வொரு ஆளின் வீட்டிலிருந்தும் போகிறது. பாடு குறைந்த நாளில் எண்ணெய்ச் செலவைக் கழித்தால் பங்குக்கு எதுவும் மிஞ்சாமல் போவதை அவர் ஏலக் கரையில் நின்று பார்த்திருக்கிறார். தவறான விசிறிக்கு வட்டி கட்டுகிறவர்கள் அந்த ஆட்கள்தான், அவர்களுக்கு அது தெரியாமலே கட்டுகிறார்கள் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

சென்னையில் அலுவலகம் வைத்திருந்த வங்காள விரிகுடாத் திட்டமும் அதே காலத்தில் இதே கேள்வியை வேறு வழியில் கையாண்டுகொண்டிருந்தது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் கீழ் 1979-ல் தொடங்கிய திட்டம் அது. படகுப் பொறியாளர் ஓய்விண்ட் குல்பிரான்சன் அதற்காக, சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986-ல் ஒரு கையேடு எழுதினார். படகுப் பொறியியலில் இதற்கான அடிப்படைப் பாடம் எளிமையானது. நீரை விலக்கி ஓடும் படகு, தன் நீளத்துக்கு ஏற்ற ஒரு வேகத்தை நெருங்கும்போது தானே எழுப்பிய அலையோடு மல்லுக்கட்டத் தொடங்கும். நீர்மட்டத்தில் 25 அடி நீளம் என்றால் அந்த வேகம் 6.7 நாட் அளவில் இருக்கும். அதற்குமேல் அரை நாட் கூட்ட எண்ணெயை அள்ளி ஊற்ற வேண்டும். கொஞ்சம் இறங்கி வந்தால் மிச்சம் மளமளவென்று தெரியும். விசிறிக்குத் தேவையான சக்தி சுற்றின் மும்மடியாக ஏறுவதால், சுற்றை 80 சதவீதமாக்கினால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய பாதியாகிறது.

ஏலத்துக்கு முந்த வேண்டிய நாளில் இதை யாரும் கேட்க மாட்டார்கள் என்பது புதுப்பட்டிக்காரருக்குத் தெரியும். அதனால் அவர் போகும் வழியைப் பிடித்துக்கொண்டார். விடியலுக்கு முன் கிளம்புகிற வள்ளத்துக்கு அவசரம் இல்லை. வழிவலை விடுகிற இடத்துக்குக் கால் மணி நேரம் பிந்திப் போனால் குறைவொன்றும் இல்லை. போகும்போது ரேஸைக் குறைத்துப் போங்கள், வரும்போது வேண்டுமானால் முழுசும் கொடுங்கள் என்றார். சரியான பிட்ச் இருந்தால்தான் இரண்டும் கைகூடும். திணறுகிற மோட்டாரில் ரேஸைக் குறைத்தாலும் திணறல் முழுதாகப் போகாது.

2004 டிசம்பர் 26-ன் சுனாமிக்குப் பிறகு கரையின் முகம் மறுபடி மாறியது. சோழமண்டலக் கரையில் கட்டுமரங்கள் இருந்த இடத்தில் ஃபைபர் படகுகள் ஆயிரக்கணக்கில் வந்தன. அவற்றில் பலவற்றுக்கு அவுட்போர்டு கிடையாது. படகுக்குள் டீசல் இன்ஜின், அதிலிருந்து நீளத் தண்டு, தண்டின் நுனியில் விசிறி. லாங் டெயில் என்கிறார்கள். கரை வந்ததும் தண்டை அப்படியே தூக்கிவிடலாம். இதில் கியர் பெட்டி பெரும்பாலும் இருக்காது என்பதால் இன்ஜின் சுற்றே விசிறிக்கும் வரும். விட்டமும் பிட்ச்சும் சின்னதாக இருந்தாக வேண்டும். உருவம் மாறினாலும் சோதனை அதேதான்: பாரம் ஏற்று, முழு ரேஸ் கொடு, சுற்றை அள. டீசலில் அடையாளம் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். பிட்ச் கனமாக இருந்தால் கரும்புகை விடாமல் வரும். அதைப் பார்த்ததும் இன்ஜெக்டரைக் கழற்றுகிறவர்களிடம், முதலில் விசிறியைப் பாருங்கள் என்று அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது வருகிற ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்கள் பலவற்றில் சுற்றைக் காட்டும் மீட்டரைப் பொருத்திக்கொள்ள வசதி உண்டு. பாரப் படகுகளுக்கென்றே கியர் விகிதத்தைக் கூட்டி, பெரிய விட்டமுள்ள விசிறியை மெதுவாகச் சுற்றவைக்கும் மாதிரிகளும் கிடைக்கின்றன. 9.9 குதிரைத்திறன் மோட்டாரிலேயே சாதாரண வகைக்கு இரண்டுக்கு ஒன்று அளவில் இருக்கும் கியர், அதிகத் தள்ளல் வகையில் மூன்றுக்கு ஒன்றை நெருங்கும். வலை சுமக்கிற வள்ளத்துக்கு எது ஏற்றது என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் வாங்கும்போது குதிரைத்திறனையும் விலையையும் மானியத்தையும் கேட்கிறார்களே தவிர, கியர் விகிதத்தையும் பிட்ச்சையும் கேட்பவர்கள் இன்றும் குறைவு.

மீனவர் சங்கங்களிடம் புதுப்பட்டிக்காரர் விடாமல் வைக்கிற கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு துறையிலும் ஏழு, எட்டு, ஒன்பது அங்குலத்தில் ஒவ்வொரு விசிறியும், சுற்று அளக்கும் மீட்டர் ஒன்றும் சங்கத்துப் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். புது மோட்டார் வாங்குகிறவர் தன் வள்ளத்தில், தன் பாரத்தோடு மூன்றையும் ஓட்டிப் பார்த்து, மீட்டர் காட்டியதை மோட்டார் அட்டையில் எழுதிக்கொண்டு, அதற்கப்புறம் தனக்கான விசிறியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். மூன்று விசிறியும் மீட்டரும் சேர்ந்து ஒரு மோட்டாரின் விலையில் சிறு பங்குகூட ஆகாது. துறையில் உள்ள அத்தனை வள்ளங்களும் ஒரு பருவம் முழுக்க எரிக்கிற எண்ணெய் அதைப் பொறுத்திருக்கிறது.